எடையாளரின் ஞாயிறு

ஆவணி. இரண்டு நாள் சோளகம் அடித்து ஓய்ந்த காலை
புதுமடம் கரையில் பாசி ஒதுங்கிக் கிடக்கிறது.
கட்டக்கோரை, தாழைப்பாசி, பெயர் தெரியாத ஒரு சிவப்பு,
அதற்குள் அறுந்த நைலான் வலை,
ஒற்றைச் செருப்பு. இடது கால். எட்டாம் நம்பர்.

ஆறு நாள் ரேஷன் கடையில் எடை போடுகிறவன் நான்.
ஏழாம் நாளும் கை சும்மா இருக்காது.
இங்கே கார்டுதாரர்கள் யாரென்று
குனிந்தால் தெரியும்:
ஈரப் பாசியைத் தூக்கினால் சிதறித் துள்ளும் மணல்தெள்ளுகள்,
அவற்றை ஓடி ஓடிக் கொத்தும் உள்ளான்கள்,
வளை வாசலில் கண்ணை மட்டும் நிறுத்திய நண்டு.
வரிசையில் நான் கடைசி.

அலை நனைக்கும் கோட்டைத் தொடுவதில்லை.
மேலே காய்ந்து கறுத்ததில் ஒரு கை,
உதறி, பத்து எட்டு தள்ளி இன்னொரு கை.
பாறையைப் பற்றி நிற்பது உயிருள்ளது;
அது என் ஸ்டாக்கில் வராது.
ஒரு கோணி. சீனி வந்த கோணி.

லோடு ஆட்டோ கலந்தர் வண்டியை நிறுத்தினான்.
"சும்மா கெடக்குறதுக்கு என்னண்ணே அளவு?
நாலு பேரு வாரினா ஒரு தோப்புக்கே ஆகும்."
பதில் நாக்கு நுனிவரை வந்தது.
போன மாதம் அவன் பருப்பில்
நூறு கிராம் குறைந்ததை
அவன் மறந்திருக்க மாட்டான்.
விழுங்கிவிட்டேன்.

வீட்டில் ஜெசிமா குடத்தை உள்ளே நகர்த்தினாள்.
குடம் பன்னிரண்டு ரூபாய்.
உப்பு கழுவ ஒரு சொட்டு தரமாட்டாள், நியாயம்தான்.
முதல் வருஷம் கழுவாமல் போட்டுக்
கத்தரி இலை ஓரமெல்லாம் தீய்ந்தது
இருவருக்கும் ஞாபகம்.
கொல்லையில் ஓலைமேல் பரப்பியிருக்கிறேன்.
ஐப்பசி மழை கழுவித் தரும்,
பிறகு செடித் தூருக்கு.
மழை வராமலும் போகும்; ராமநாதபுரம்.

சாயங்காலம் கோணியை உதறியபோது
அடியில் நகம் அளவு நண்டு ஒன்று
கொடுக்கைத் தூக்கி என்னை எதிர்த்து நின்றது.
டீ டம்ளரில் போட்டுச் சைக்கிளை எடுத்தேன்.
"ஒத்த நண்டுக்கா?" என்றாள்.
தராசில் முள்கூட அசையாது.
ஆனாலும் மிதித்தேன்,
கேரியரில் காலையிலிருந்து அந்த வலையும்
எட்டாம் நம்பர் செருப்பும் ஆடிக்கொண்டு வந்தன.

கரையில் யாருமில்லை.
கலந்தரின் டயர் தடம்
பாசிவரை வந்து, வளைந்து,
ரோட்டுக்குத் திரும்பியிருந்தது.
போன தடமும் வந்த ஆழமேதான்.
வெறும் வண்டி.
எடை போடுகிறவனுக்குத் தெரியாதா.
நாளைக்கு ஆளோடு வருவானோ என்னவோ.
நண்டு அதற்குள் இறங்கிப் போய்விட்டது.