பட்டாணி அளவு

படகுத்துறைச் சீட்டுக் கவுண்டரில்
கண்ணாடியில் ஒரு வட்ட ஓட்டை.
பணம் நீட்டுகிறவர்களுக்கு
அந்த வட்டம் காட்டுகிற முகம்தான் நான்.
தாடையோரம் ஏழு, நெற்றியில் நான்கு,
மூக்கில் ஒன்று, தொட்டால் காதுவரை வலிக்கும்.

நாலு பேர் படகு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே
பருக்களை எண்ணுவார்கள்.
"சூட்டு உடம்பும்மா" என்பார் ஒருவர், சில்லறையோடு.
"தைலம் தடவு" என்பார் இன்னொருவர்.
தடவினேன்.
தோல் உரிந்த நாட்களில்
மப்ளரை மூக்குவரை ஏற்றிக்கொண்டு
குளிரைச் சாக்குச் சொன்னேன்.
கம்பளி உரசி இன்னும் மூன்று.

மருந்துக்கடைக்காரர் கொடுத்த ட்யூப்
பத்து நாள் பளபளப்பு.
நிறுத்தியதும் வட்டியோடு வந்தது.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை
வத்தலக்குண்டில் தோல் டாக்டர்.
வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்கிப் போய்ச் சேர்ந்தேன்.
"கிள்ளுவியா?"
"இல்லை."
"நகத்தைக் காட்டு."

ராத்திரி மட்டும், பட்டாணி அளவு, என்றார்.
பச்சைப் பட்டாணியா, காய்ந்ததா?
எங்கள் பூம்பாறைப் பக்கத்தது பெரிசு.
பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.
முகம் முழுக்கவே அவ்வளவுதான்,
பருவுக்கு ஒன்று இல்லை.
மஞ்சு மூடினாலும் வெயில் வெயில்தான்.
எட்டு வாரத்துக்கு என்னைத் திட்டாதே.

மருந்து முதலில் தின்றது தலையணை உறையை.
நீலப் பூக்கள் இருந்த இடத்தில்
கன்ன அளவுக்கு வெள்ளை.
ப்ளீச்சிங் பவுடர் என்று நினைத்து
அம்மா தங்கச்சியை விளாசினாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
துண்டு, ஸ்வெட்டர் கழுத்து, எல்லாம் வெளுக்க
முகம் மட்டும் சிவந்தே நின்றது.

ஐந்தாவது வாரம், செவ்வாய், கூட்டமில்லை.
படகுகளை இழுத்துக் கட்டும் சவரியப்பன்
கிழித்த சீட்டுகளைக் கொடுக்க வந்தார்.
நாற்பது வயசு. பெரியவள் பத்தாவது படிக்கிறாள்.
ஆறு வருஷத்தில்
கயிறு, மழை தவிர எதுவும் பேசாதவர்.
அவர் காக்கிக் காலரில்
தாடை உரசும் இடத்தில்
ஆரஞ்சாக வெளுத்த ஒரு திட்டு.
துவைத்து வருவதில்லை அது. எனக்குத் தெரியும்.

என் ஸ்வெட்டர் கழுத்தை அவரும் பார்த்தார்.

ஓட்டைக்குக் குனிந்து கேட்டார்:
"உங்களுக்கு எத்தன வாரம்?"
"அஞ்சு."
"எனக்கு ரெண்டு. ரொம்ப எரியுது."
"முதல்ல வெறும் க்ரீம் பூசிட்டு, அதுக்கு மேல மருந்து."
"பட்டாணி அளவா?"
"பச்சைப் பட்டாணி."

ஏரி நடுவில் யாரோ விசிலடித்தார்கள்,
பெடல் சுற்றாமல் நின்றுபோன படகு.
கயிற்றை எடுத்துக்கொண்டு போனார்,
காலரை மடித்து மறைக்காமல்.