முக்கால் குவளைத் தண்ணீர்

பெரிய நடுக்கம் வந்து போய்
இருபத்தாறு நாளாகிறது.
சிலியின் வடக்கே, இக்கிக்கே நகரத்தில்
யாரும் இன்னும் ஷூவைக் கழற்றித் தூங்குவதில்லை.

யாஸ்னா வாசலில் ஒரு பை வைத்திருக்கிறாள்.
டார்ச், பூனையின் மாத்திரை, வீட்டுப் பத்திரம்,
எதற்கென்றே தெரியாமல் ஒரு ஸ்குரூடிரைவர்.
தினமும் பிரித்து, மறுபடி அடுக்குகிறாள்.
அடுக்கி முடித்த கையோடு
இன்னொரு தடவை ஜிப்பைத் திறந்து பார்க்கிறாள்.

பல் ஆஸ்பத்திரியில் வேலை.
டிரில் சுழலும்போது தரை அதிர்கிறது.
லாரி திரும்பும்போது.
மாடி வீட்டு எமெத்தேரியோ நாற்காலியை இழுக்கும்போது.
எதுவுமே நடக்காதபோதும்
முழங்காலுக்குக் கீழே ஏதோ ஒன்று
படகுத் தட்டு மாதிரி நகர்கிறது.

அதற்காகத்தான் குவளை.
முக்கால்வாசித் தண்ணீர், படுக்கைக்குப் பக்கத்தில்.
விழிப்புத் தட்டினால் முதலில் அதைப் பார்ப்பாள்.
தண்ணீர் அசைந்தால் பூமி.
அசையாவிட்டால் அவள்.

பெரும்பாலும் அவள்தான்.

டாக்டர் மூச்சை எண்ணச் சொன்னார்:
நாலு வரை இழு, ஆறு வரை விடு.
மூன்றில் நாய் குரைக்கிறது.
நாய்களுக்கு முன்பே தெரியும் என்பார்கள்.
மறுபடி ஒன்றிலிருந்து.
பூனையைப் பார்த்துக் குரைத்திருக்கலாம்.
நாய்க்கும் தூக்கம் கெட்டிருக்கலாம்.

அரிக்காவிலிருந்து அக்கா போனில்,
"நடப்பது நடக்கும், விட்டுவிடு" என்கிறாள்.
விடத்தான் பார்க்கிறாள்.
பிடித்துக்கொண்டிருப்பது எந்தக் கை என்றுதான்
பிடிபடவில்லை.

இன்று ராத்திரி ரெண்டேகால்.
கண் திறந்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் குவளை.
தண்ணீரில் வட்டம்.
வட்டத்துக்குள் வட்டம்.
பிறகு விளிம்பு தாண்டி மேசையில் வழிந்தது.
சொல்ல வெட்கம்தான்:
அந்த நொடி அவளுக்கு வந்தது பயமில்லை.
அப்பாடா, நான் இல்லை.

கரண்ட் போனது.
கைகள் தாமாகவே எழுந்தன.
கேஸை மூடின. பூனையை இடுக்கின.
இருபத்தாறு நாளாக நடுங்கிய விரல்கள்
கும்மிருட்டில் சாவித் துளையை
ஒரே தடவையில் கண்டுபிடித்தன.

சைரன் ஊத, தெருவே மேட்டைப் பார்த்து ஏறியது.
ஓடாமல், இடிக்காமல்,
இரண்டாம் ஆட்டம் விட்டு வீடு திரும்புகிறவர்கள் மாதிரி.
யாரோ கைக்குழந்தையோடு, யாரோ டிவியோடு,
யாரோ நேற்றைய ரொட்டியோடு.
கீழே கடல் கறுப்பாக, வாய் திறக்காமல்.

மணல்மேட்டு உச்சியில்தான் தெரிந்தது:
பை வாசலிலேயே நின்றுவிட்டது.
இடுப்பில் பூனை.
கையில் குவளை, பாதி சிந்தி.

பக்கத்தில் ஒரு பையன், யார் வீட்டுப் பிள்ளையோ,
தாகமாயிருக்கு என்றான்.
கொடுத்தாள்.
ஒரே மடக்கில் குடித்துவிட்டுக்
காலிக் குவளையைத் திருப்பி நீட்டினான்.

இனிப் பார்த்துக்கொள்ள ஒன்றுமில்லை.
காலுக்குக் கீழே நகர்வது மணலா, அவளா?
எமெத்தேரியோவைக் கேட்டாள்.
"தெரியல," என்றார்.
"எனக்கும் அப்படித்தான் இருக்கு.
கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காரு, காத்து அடிக்குது."

உட்கார்ந்தாள்.
அலை வரவில்லை, இதுவரை.