விடுபட்டவைக்கான திருத்தம்

பாணந்துறை ரயில் போகையில்
மேசை, தேநீர், திரையிலிருக்கும் வானம்
மூன்றும் நடுங்குகின்றன.

வெள்ளவத்தை ஜன்னலில் வானமென்று ஒன்றுமில்லை.
துறைமுக நகரத்து விளக்குகள்
மேகத்தின் அடிவயிற்றில் செம்மஞ்சள் பூசிவிட்டன.
என் வானம் சிலியின் மலையொன்றிலிருந்து வருகிறது,
சதுரம் சதுரமாக,
அறுபது வீதம் இறங்கி
மழை வந்தால் நின்றுவிடும்.

நான் தேடுவது
பத்துக் கோடி விண்மீன்கள் இருந்தும்
அத்தனையும் அகலச் சிதறிப்போனதால்
இருட்டைவிட நூறில் ஒரு பங்கு மட்டும்
கூடுதலாய் வெளிறிய திரள்களை.
கண்ணாடியில் விட்ட மூச்சு, அதுவும்
போன நிமிடம் விட்டது.

வானத்தின் வெளிச்சத்தைக் கழிக்கும் நிரல்
இவற்றையும் சேர்த்துக் கழித்துவிடுகிறது.
அதில் சூது எதுவுமில்லை.
சுத்தமாய்ச் செய்த வேலை, அவ்வளவுதான்.

அதனால் முதலில் பொய்த் திரள்களைச் செய்கிறேன்.
ஒவ்வொன்றுக்கும் அகலம், சாய்வு, மங்கல்,
ஒரு இலக்கம்.
படங்களுக்குள் ஒளித்துவிட்டு
தேடு என்கிறேன்.
இன்று, மிக மங்கிய வகையில்
நூறு ஒளித்தேன்.
பதினொன்று வந்தது.

அப்படியென்றால்
மெய்யாய் அகப்பட்ட ஒவ்வொன்றும்
அகப்படாத இன்னும் எட்டின் இடத்தில்
நிற்கிறது.
அட்டவணையில் இதை எழுதும்போது
கை ஏனோ மெதுவாகிறது.

மேல்மாடி ரிஸ்மினா
குடிசன மதிப்பீட்டுக்கு வீடு வீடாய்ப் போகிறவள்.
மின்தூக்கி பழுது, படியில் கண்டேன்.
"பூட்டின கதவுக்கு என்ன செய்வியள்?"
"மூணு தரம் போற. பொறகு பக்கத்து ஊட்டுல கேக்கிற."
"அவைக்கும் தெரியாட்டி?"
செருப்பின் வாரைச் சரிசெய்தாள்.
"அதுக்கொரு கட்டம் இரிக்கி. சின்னக் கட்டம்."

என் வரைபடத்திலும் அதற்கொரு கோடு உண்டு,
புள்ளிக்கு மேலும் கீழும்.
மங்கலாக ஆக
அது நீண்டு தாளைத் தாண்டப் பார்க்கும்.
மேற்பார்வையாளர் கேட்கிறார்:
கொஞ்சம் குறைக்க முடியாதா?

பதினொன்றரை.
நாலாயிரத்துச் சொச்சமாவது சதுரம், இடது மூலை.
ஏதோ வெளிறல்.
நம் வீட்டுத் தூசியாகவும் இருக்கலாம்,
பால்வெளியின் புழுதி இப்படித்தான் ஏமாற்றும்.
அருகில் சின்னதோ தொலைவில் பெரியதோ
சொல்ல வழியில்லை.
பெருக்கினேன், அழிந்தது.
சிறிதாக்கினேன், வந்தது.
கடைக்கண்ணால் பார்த்தால்தான் நிற்கிறது.

கடைசி ரயில்.
தேநீரைப் பிடித்துக்கொண்டு
இலக்கப் பட்டியலை மேலிருந்து கீழ்
இரண்டு தரம் பார்த்தேன்.

நான் ஒளித்து வைத்தவற்றில்
இது இல்லை.