குறிப்பு என்றொரு கட்டம்

மார்ச் பதினான்கு, மாலை நாலரை.
நாகலூர் எஸ்டேட் மழைமானிக்குள்
டிசம்பருக்குப் பிறகு முதல் சொட்டு விழுந்த நேரம்
செவ்வாய்பேட்டையிலிருந்து கிளாடிஸ் கூப்பிட்டாள்.
"லீ பஜார்ல ஒருத்தர் மூட்டை எடை போடுறார்டி.
உங்க அப்பா மாதிரியே.
காதுக்குப் பின்னாடி அதே மரு."

சரி என்றேன்.
இங்கே மழை என்றேன்.
தகரக் கூரை இரைச்சலில்
இரண்டுமே அவளுக்குக் கேட்டிருக்காது.

மற்றதெல்லாம் அப்போதைக்கப்போதே பதில் சொல்லிவிட்டது.
மத்தியானமே எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு
குடோன் சுவரில் பாதி ஏறியிருந்தன.
எங்களுக்கு இடி கேட்குமுன்
டைகர் ஜீப்புக்கடியில் போய்க் காதை மடக்கிக்கொண்டது.
படியோரத் தொட்டாற்சிணுங்கி மொத்தமும் சுருங்கிற்று,
அதற்கு மழையும் ஒன்றுதான், மாட்டு நாக்கும் ஒன்றுதான்.
என் செருப்பு நுனி பட்ட மரவட்டை
நாலணாக் காசாகிச் சற்று நேரம் கிடந்தது,
பிறகு என்னை நம்பி நீண்டது.
ராத்திரி ட்யூப்லைட்டில் ஈசல். சோற்றிலும் ஈசல்.

காபிச் செடிதான் எதுவும் செய்யவில்லை.
இலை கழுவிக்கொண்டு நின்றது.
கணுவுக்குக் கணு பச்சை அரும்பு,
இறுக்கிப் பிடித்த விரல்நுனிகள் மாதிரி,
மூன்று மாதமாக இருந்தபடியே.

நோட்டில் எழுதினேன்: இருபத்தாறு மில்லிமீட்டர்.
குறிப்பு என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.
அவர் போன அன்றைக்கும் நான்
குடத்தை நிரப்பி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேனாம்.
கல்லுடி நீ,
அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கூலிப் பட்டுவாடா.
அப்புறம் பம்ப் ரிப்பேர்.
கிளாடிஸ் இரண்டு தடவை கேட்டாள்,
"என்னடி, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறே?"
மிளகுக் கணக்குப் பார்க்கிறேன் என்றேன்.
பொய்யில்லை,
பதினோரு மூட்டை, ஒன்பதரை கிலோ,
மூன்று முறை கூட்டினேன், மூன்று விடை.

அரும்பு நீண்டதை யாரும் பார்க்கவில்லை.
பச்சை எந்த ராத்திரியில் வெளுத்தது?
மழைமானி அதையெல்லாம் அளப்பதில்லை.

இருபத்து மூன்றாம் தேதி விடியலில் கதவைத் திறந்தால்
சரிவு முழுக்க வெள்ளை.
மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது வாசம்.
தேனீக்கள் எனக்கு முன்பே வந்து
வேலையைத் தொடங்கியிருந்தன.

பல் விளக்கப் போனதாகத்தான் ஞாபகம்.
பார்த்தால் ஆறு இருபது பஸ்ஸில்
ஜன்னலோரம் இருக்கிறேன்.
புடவை மாற்றியிருக்கிறேன், சில்லறை எடுத்திருக்கிறேன்.
யார் இதையெல்லாம் செய்தது?

இருபதாவது வளைவு. பத்தொன்பது.
பதினொன்றில் காது அடைத்தது,
எச்சில் விழுங்கினேன், திறந்தது.
நிலத்தில் எடை இறங்குவதுபோல் ஒரு சத்தம்.
அடிவாரத்தில் சேலத்து வெயில் பட்டதும்
கழுத்து வியர்த்தது,
அதற்கு ஒன்பது நாள் வேண்டியிருக்கவில்லை.

மடியில் பார்த்தால் மழை நோட்டு.
தவறிக் கொண்டுவந்துவிட்டேன்.
இன்றைய தேதிக்கு நேரே: மழை இல்லை.
குறிப்பு:
பேனா முனையை வைத்துக்கொண்டிருக்கிறேன்,
பஸ் குலுங்கிக் குலுங்கி
அது தானாகவே எதையோ கிறுக்குகிறது.