தொண்ணூற்றேழு

லாரிப் பட்டை நாலு,
மரவாடி ரம்பத்தின் துண்டு மூன்று.
மாற்றி மாற்றி அடுக்கி
கட்டுக்கம்பி சுற்றிக் கரிக்குள் வைத்தோம்.
வெளியே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
கண்டெய்னர்கள் மதியத்திலிருந்து நகரவில்லை.

தேசிங்கு துருத்தியைச் சுற்றுகிறான்.
சிவப்புக்கு அவசரம் கிடையாது.
வெண்காரம் தூவினால் அப்பளமாய்ப் பொங்கி
அப்புறம் தேனாகி இடுக்குகளில் இறங்கும்.
எலுமிச்சை மஞ்சள் வரும்போது
நான் "எடு" என்று சொல்ல வேண்டும்.
ஒரு மூச்சு தாமதித்தால்
மத்தாப்பு பறக்கும்.
அழகுதான், ஆனால் எரிவது இரும்பு.

முதல் அடி மெல்ல,
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.
ஒட்டாத கட்டு சலசலக்கும்.
ஒட்டிய கட்டு
'தொம்' என்று ஒரே குரலில் பேசும்.
அதைக் கேட்ட பிறகுதான்
சம்மட்டியை முழுசாய்த் தூக்குவான் தேசிங்கு.

ஏழை வெட்டி மடித்தால் பதினாலு,
அது பள்ளிக்கூடத்துக் கணக்கு.
உலைக் கணக்கு பதிமூன்று.
மடிப்பில் பட்டையும் பட்டையும் முகம் பார்க்கும்;
ஒரே இரும்பு ஒரே இரும்பைத் தொட்டால்
கோடு விழாது,
ஒன்று காணாமல் போய்விடும்.
பதிமூன்று இருபத்தைந்தாச்சு,
அது நாற்பத்தொன்பது,
அது தொண்ணூற்றேழு.
மூன்று மூட்டைக் கரி.
கால் பங்கு எடை
செதிலாய்ச் செருப்படியில்.

எண்ணெயில் முக்கிய நொடி
இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.
'டிங்' என்றால் விரிசல்.
லாரி ஹாரன் மட்டும் கேட்டது.

சர்க்யூட் போர்டு அரிக்கிற பழுப்புத் திரவத்தில்
பத்து நிமிஷம்.
பட்டை கறுத்தது, ரம்பம் வெளுத்தே நின்றது.
"எண்ணூர் ஆத்துல ஆயில் மெதக்குமே, அப்டிக்கா கீது"
என்றான் தேசிங்கு.
பாராட்டாகத்தான் சொன்னான்.

அண்ணா நகர்க்காரர் பெட்டியோடு வந்தார்.
உள்ளே வெல்வெட்டு, மேலே அட்டை:
'நூறு அடுக்கு'.
"தொண்ணூற்றேழு சார்."
"மூணுதானே மேடம், யாரு எண்ணப் போறா?"
"நான் எண்ணிட்டேனே."
தேசிங்கு என் காலை மிதித்தான்;
இரண்டு மாச வாடகை நிற்கிறது.
பெட்டி காலியாகவே திரும்பிப் போச்சு.

காசிமேட்டில் அஞ்சலாட்சி
கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இன்னாடி இது, துரு ஏறிக் கெடக்கு?
அறுநூறுக்கு மேல தரமாட்டேன்."
செங்கல் தூள் போட்டுத் தேய்த்த தேய்ப்பில்
கோடெல்லாம் போயே போச்சு.
வஞ்சிரத்தின் நடுமுள்ளில் ஒரு போடு போட்டு
"வெட்டு கீது" என்றாள். அவ்வளவுதான்.

நேற்று அவள் வீட்டில் சங்கரா குழம்பு.
மாங்காய் நறுக்கிக்கொண்டே
மகனுக்குப் பார்த்த பெண்ணைப் பற்றிப் பேசினாள்.
புளிப்பு அலகில் வழிந்தது.
ஒரு கோடு,
அதன் பக்கத்தில் இன்னொன்று,
வந்துகொண்டே இருந்தன.
அவள் பார்க்கவில்லை.
பெண் மீஞ்சூராம், படித்தவளாம்.
"ம்" கொட்டிக்கொண்டே
இருபது வரை எண்ணினேன்.
மாங்காய் தீர்ந்துவிட்டது.