யாரோ ‘ஸ்ஸ்’ என்கிறார்கள்

புகார்ப் படிவத்தில் ஒதாகர் எழுதியிருந்தது
இரண்டே வரி:
‘டாஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள்.
நான் வாயைத் திறந்தால் ஸ்ஸ் என்கிறார்கள்.’

செனேக் அதை அச்செடுத்துக்
காபி இயந்திரத்தின் மேல் ஒட்டினான்.
சிரித்து முடித்தபின் காரை வரவழைத்தோம்.

ஆஸ்ட்ராவா ரயில் நிலையத்து மின்சார டாக்சி.
ஜூலை இரவுகளில் கண்ணாடி ஏற்றி, ஏசி ஓட,
சவாரிக்குக் காத்துக்கிடக்கும் வண்டி.
அவருடைய பழைய டீசலிலும் இந்த வால்வுதான்,
இதே சத்தம்தான்.
எஞ்சின் உறுமலுக்கு அடியில் யாருக்குக் கேட்டது?
உறுமியவன் போய்விட்டான்,
முணுமுணுத்தவன் மாட்டிக்கொண்டான்.

எதிரொலி இல்லாத அறையில்
காரை நிறுத்திக் கதவைச் சாத்தினேன்.
சுவரெல்லாம் பஞ்சுக் கூம்புகள்.
எச்சில் விழுங்கும் சத்தமே
எனக்குக் கூச்சமாக இருந்தது.
ஏசியைத் தட்டினேன்.
நாற்பத்தொரு டெசிபல்.
ஸ்ஸ்.
என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

விஷயம் இவ்வளவுதான்.
மிளகளவு எஃகுக் குண்டு ஒன்று
கீழே சுருள்வில் தாங்க, மேலே கம்பி அழுத்த
ஒரு துளையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது.
நெருக்கித் தள்ளப்பட்ட திரவம்
அந்த இடுக்கில் நுழைந்து, விரிந்து,
சட்டென்று குளிர்கிறது.
திரவமாகவே வந்தால் வம்பில்லை.
குமிழிகளோடு வருகிறது,
ஒரு வாய் திரவம், ஒரு வாய் வாயு, மறுபடி திரவம்.
நின்றுபோன குழாயில் தண்ணீர் திரும்பும்போது
இருமுமே, அப்படி.
ஒவ்வோர் இருமலுக்கும் குண்டு நடுங்கும்.
குண்டின் நடுக்கம் குழாய்க்கு,
குழாயின் நடுக்கம் தகரத்துக்கு,
தகரம் ஊரைக் கூட்டும்.

முதலில் குழாயைச் சுற்றிக் கறுப்பு ரப்பர்க் களிம்பு அப்பினோம்.
அழுகிற வாயைக் கைக்குட்டையால் பொத்திய மாதிரி,
அழுகை அப்படியேதான், கொஞ்சம் தூரத்தில்.
பிறகு சுருள்வில்லை விறைப்பாக்கினோம்.
குண்டு அடங்கியது.
வால்வு தாமதமாகத் திறந்தது,
உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு முதுகெல்லாம் வியர்வை.
அமைதியாக இருக்கிறேன் பேர்வழி என்று
வேலையை விட்டவனை யார் வைத்துக்கொள்வார்கள்?

அப்புறம் மூன்று கால் தகட்டுவில்,
நகத்தைவிட மெல்லியது.
கம்பியை மூன்று பக்கமும் தொடும், பிடிக்காது.
போ, வா, துள்ளாதே
என்கிற அளவுக்கு மட்டும் உரசல்.
அந்த அளவைக் கண்டுபிடிக்கப் பதினேழு மாதிரிகள்.
பதினாறும் என் மேசை இழுப்பறையில்
காகித க்ளிப்புகளோடு கலந்து கிடக்கின்றன.
துளைக்கு முன்னால் ஒரு பித்தளைச் சல்லடையும் வைத்தோம்,
பெரிய குமிழியைப் பொடிப்பொடியாக்கி அனுப்ப.

கொள்முதல் பிரிவு க்வெதா கேட்டாள்:
‘சத்தம் போடாமலிருக்கக் காருக்குப் பதினோரு கொருனாவா?
எனக்குக் கொடுங்கள், நானும் போடாமலிருக்கிறேன்.’

முப்பத்திரண்டு டெசிபல்.
செனேக் நம்பாமல் இரண்டு முறை மைக்கை மாற்றினான்.

ஆகஸ்டு முடிவில் ஒதாகர் வந்தார்.
நன்றி சொல்லத்தான் என்று நினைத்தோம்.
தொப்பியை மடித்து மடித்துப் பிரித்தார்.
‘நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால்
போன வாரம், இரவு இரண்டு மணி,
மருத்துவமனை வாசலில் ஒரு பெண் ஏறினாள்.
பாலம் தாண்டியதும் அழத் தொடங்கினாள்.
அடக்கிக்கொண்டுதான். எனக்குக் கேட்டது.
முன்பென்றால் கேட்டிருக்காது.
இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன்.
பின்சீட்டில் எத்தனை பேர் அழுதார்களோ.’

‘என்ன செய்தீர்கள்?’ என்றான் செனேக்.

‘மீட்டரை நிறுத்தினேன்.
வேறென்ன தெரியும் எனக்கு?’

கொஞ்சம் தயங்கினார்.
‘இன்னொன்று. இடது பின்சக்கரத்தில்
ஏதோ முனகுகிறது.
புதிதாக வந்ததா, எப்போதும் இருந்ததா,
பார்த்துச் சொல்ல முடியுமா?’

எப்போதும் இருந்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
சாவியை வாங்கிக்கொண்டேன்.