எச்சத்தில் வாழ்வது

கூர்க்காது ஒட்டினால் போதாது என்றாள் பௌசியா.
காதை வெட்டிவிட்டுப் பார்,
மிச்சம் நம்ம சித்தேஸ்வரன்தான்.
சித்தேஸ்வரன் சிரிக்கவில்லை.
அவனுடைய வனவாசிகள் மூன்று வாரமாக
முந்நூறு வயதிலும் ஒரு பரு இல்லாத முகத்தோடு
எங்கள் ஆட்டத்தில் வில் வளைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு. சூரமங்கலம்.
ஜவ்வரிசி மண்டிக்கு மேலே ஓர் அறை.
இருபது முகப் பகடை,
சத்தம் வராமலிருக்கத் துண்டு விரித்த எவர்சில்வர் தட்டு.
இந்த வாரம் இனம் படைப்பது என் முறை.

மாமாங்கம் தாண்டும்போது
பஸ் ஜன்னலில் தினமும் வரும் வெள்ளைக் கரடுகளை
எடுத்துக்கொண்டேன்.
தோண்டிப்போட்ட குழி, அடியில் பச்சைத் தண்ணீர்.
அங்கே ஒன்று வாழ்ந்தால் எதைத் தின்னும்?
மதிய வெயிலை.
எதற்கு நடுங்கும்?
ஏற்காட்டிலிருந்து இறங்குகிற பனிக்கு.
வாய் வேண்டாம்.
சொல்ல வேண்டியதை ஒரு கல்லாக
உன் உள்ளங்கையில் வைக்கும்,
கனம்தான் பேச்சு.
(செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில்
தராசு பார்ப்பவனுக்கு
வேறென்ன தோன்றும்?)

பெயர் எழுதினேன்: கரடர்.
பௌசியா ‘அர்’ஐ அடித்தாள்.
“அதைப் போட்டதும் சட்டை மாட்டிக்கிட்டு நிக்குது பாரு.”

சரி, வினைமுற்று?
வந்தான். இல்லை.
வந்தாள். இல்லை.
வந்தது என்றால் மாடு வந்து நிற்கிறது.
பத்தாம் வகுப்பில் நான் தூங்கித் தாண்டிய இலக்கணம்
கதவை மறித்துக்கொண்டது:
உயர்திணை, அஃறிணை.
நடுவில் ஓர் ஆள் நுழைய இடமில்லை.
ஆளே இல்லை என்பதுதானே சிக்கல்.

டீ ஆறிய பிறகு முடிவானது.
அதைப் பற்றிப் பேசுகையில்
வினையை முடிக்கக் கூடாது.
வந்து. நின்று. கல்லை வைத்து.

முதல் சந்திப்பிலேயே சித்தேஸ்வரன் அம்பு விட்டான்.
பகடையில் இருபது.
“விழுந்து” என்றேன்.
“செத்துச்சா?”
“செத்து” என்றேன்.
“அப்புறம்?”

அப்புறம் மற்றவை குழியிலிருந்து ஏறி,
அவனைச் சுற்றி நின்று.
டிபன் பையிலிருந்து
காலையில் ரோட்டோரம் பொறுக்கிய வெள்ளைக்கல்லை
அவன் கையில் வைத்தேன்.
“என்ன சொல்லுது?”
“எனக்குத் தெரியாதுடா. உன் கையில்ல இருக்கு.”
அடுத்த முறை அவன் பகடையைத் தொடவில்லை.
அதற்கடுத்த முறையும்.
பௌசியா கடைசி பஸ்ஸை நினைவூட்டினாள்.

திங்கள் மத்தியானம் பட்டறைக்கு வந்தான்.
“இதை எடை போடு.”
நூற்றுப் பதினெட்டு கிராம், நானூறு மில்லி.
கண்ணாடிக் கதவைச் சாத்தி,
காற்றுப் படாமல் இன்னொரு தரம். அதேதான்.
“ராத்திரி இதைவிடக் கனமா இருந்துச்சு”
என்று சொல்லி,
கல்லைத் திரும்ப வாங்கி,
சட்டைப்பையில் வைத்து,
பை ஒருபக்கம் தொங்க
படியிறங்கி